786 நோட்டும் மதுரை சுல்தான் காசும்: அரிய நாணயத்துக்குப் பணத்தைக் கொட்டலாமா?

அனுமந்தன்பட்டியைச் சேர்ந்த ஒரு சகோதரர் ஜும்ஆ முடிந்ததும் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். அரபு எழுத்துப் பொறித்த சிறிய வெள்ளிக்காசு. மதுரையை ஆண்ட சுல்தான் ஜலாலுத்தீன் அஹ்சன் ஷாஹ் வெளியிட்டது என்று வியாபாரி சொல்கிறாராம். விலை 45,000 ரூபாய். முன்பணமாக 15,000 கொடுத்துவிட்டுக் காசை எடுத்துக்கொள்ளலாம், மீதியை மூன்று மாதத்தில் கட்டினால் போதும். "ஹஜ்ரத், நம்ம ஆளுங்க ஆண்ட காலத்துக் காசு. வீட்டில் இருந்தால் பரக்கத்துதானே?" என்றார்.

அவர் கேட்டது ஒரு கேள்வி போலத் தெரிந்தாலும் அதற்குள் மூன்று இருக்கின்றன. காசில் பரக்கத் உண்டா? பணத்தைத் தவணையில் கொடுக்கலாமா? இவ்வளவு செலவழிப்பது வீண்விரயம் ஆகாதா? இந்த மூன்றையும் பலர் கேட்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பரக்கத்திலிருந்து தொடங்குவோம். தில்லி சுல்தான் முஹம்மது பின் துக்ளக்கின் கீழ் மதுரையில் இருந்த அஹ்சன் ஷாஹ், 1335 வாக்கில் தனி சுல்தானாகத் தம்மை அறிவித்துக்கொண்டார். அந்த ஆட்சி சுமார் 1378 வரை நீடித்து, விஜயநகரத்திடம் முடிந்தது. உலகம் சுற்றிய இப்னு பதூதா அஹ்சன் ஷாஹ்வின் மகளை மணந்தவர். அந்த வரிசையில் பின்னால் வந்த கியாஸுத்தீன் தாமகானியின் காலத்தில் அவர் மதுரைக்கும் வந்தார். பெண்களையும் குழந்தைகளையும்கூட அந்த சுல்தான் கொன்றதை நேரில் பார்த்து, வெறுப்போடு எழுதிவைத்திருக்கிறார். அவர் முஸ்லிம், காழியாக இருந்தவர், அந்தக் குடும்பத்துக்கு உறவினரும்கூட. அவரே அப்படி எழுதியிருக்கும்போது, அந்த அரசர்களின் காசில் நாம் பரக்கத்தைத் தேடுவது எந்த அடிப்படையில்? வரலாற்றுச் சின்னம் என்று வாங்குங்கள், அதில் தவறில்லை.

786 எண் கொண்ட ரூபாய் நோட்டின் கதையும் இதேதான். பிஸ்மில்லாஹ்வின் எழுத்துகளை அப்ஜத் முறையில் கூட்டினால் வரும் எண் அது. அந்த எண்ணுக்குச் சிறப்பு உண்டென்று குர்ஆனிலோ ஹதீஸிலோ எதுவும் இல்லை. இதில் நம்மவர்கள் கவனிக்காத இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பத்து ரூபாய் நோட்டு இன்றும் செல்லுபடியாகும் பணம். அதைக் கொடுத்து ஆயிரம் ரூபாய் வாங்கினால் ரூபாய்க்கு ரூபாயைக் கூடுதலாக மாற்றுவதாகிறது. காகிதப் பணத்துக்கும் தங்கம், வெள்ளிக்குரிய வட்டிச் சட்டங்கள் பொருந்தும் என்று 1986-ல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி தீர்மானித்தது. சேகரிப்புக்கான நோட்டைப் பணமாகப் பார்க்காமல் பொருளாகப் பார்க்கலாம் என்று சொல்வோரும் உண்டு. எனக்கு அந்த வாதம் மனதுக்கு ஒப்பவில்லை. கடைக்காரர் அதே நோட்டைப் பத்து ரூபாய்க்கு வாங்கிக்கொள்கிற வரை அது பணம்தான்.

உங்களிடம் இருக்கும் பழைய நோட்டையும் காசையும் லட்சக்கணக்கில் வாங்கிக்கொள்கிறோம் என்று வரும் விளம்பரங்கள் தனி ரகம். ரிசர்வ் வங்கியின் பெயரையும் சின்னத்தையும் போட்டு, கமிஷன், வரி, கட்டணம் என்று பணம் கறக்கிறார்கள். இத்தகைய வியாபாரத்தில் தான் ஈடுபடுவதில்லை, யாருக்கும் அந்த அதிகாரத்தைக் கொடுக்கவும் இல்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது.

இனி தவணை. அந்தக் காசு செம்பாக இருந்திருந்தால் பிரச்சினையே இல்லை. பேசிய விலைக்கு, பேசிய தவணையில் வாங்கலாம். வெள்ளியும் தங்கமும் அப்படியல்ல. அவற்றைப் பணத்துக்கு வாங்கும்போது இரு பக்கமும் அதே இடத்தில் கைமாற வேண்டும் என்பதே அந்த அகாடமியின் நிலைப்பாட்டிலிருந்து கிடைக்கும் சட்டம். நம் நாட்டு ஹனஃபி முஃப்திகளில் சிலர் ரூபாய் விஷயத்தில் தவணைக்கு இடம் கொடுக்கிறார்கள். அந்தக் கருத்து வேறுபாட்டை நான் மறைக்கவில்லை. ஆனால் உணவும் மருந்தும் போன்ற தேவைக்கு அல்லாமல் ஆசைக்கு வாங்குகிற பொருளில், சந்தேகமானதை ஏன் தொட வேண்டும்? முழுப் பணமும் சேரும் வரை பொறுத்திருங்கள் என்றுதான் அவரிடம் சொன்னேன்.

காசு சேகரிப்போர் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளும்போது இன்னும் எளிதாக வட்டியில் விழுகிறார்கள். விக்டோரியா மகாராணி, ஐந்தாம் ஜார்ஜ் காலத்து வெள்ளி ரூபாய் பல வீடுகளில் இருக்கும். ஒவ்வொன்றும் சுமார் 11.66 கிராம். "இந்த வருஷத்து ரூபாய் அபூர்வம், இதற்கு உங்கள் சாதாரண ரூபாய் மூன்று கொடுங்கள்" என்று மாற்றினால் வெள்ளிக்கு வெள்ளி எடை கூடிவிடுகிறது. தரம் குறைந்த பேரீச்சம்பழத்தைக் கூடுதலாகக் கொடுத்து நல்ல பழத்தை வாங்கிய பிலால் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். முதலில் உள்ளதை விற்று, அந்தக் காசைக் கொண்டு நல்லதை வாங்கும்படி வழிகாட்டினார்கள். இங்கும் அதே வழி: மூன்றையும் பணத்துக்கு விற்றுவிட்டு, அந்தப் பணத்தில் அபூர்வக் காசை வாங்க வேண்டும்.

விக்டோரியாவின் உருவம் இருக்கிறதே என்று சிலர் தயங்குகிறார்கள். கலீஃபா அப்துல் மலிக் ஹிஜ்ரி 77-ல் எழுத்து மட்டுமே கொண்ட தீனாரை வெளியிடும் வரை, மன்னர் உருவம் பதித்த ரோம, பாரசீகக் காசுகளைத்தான் ஸஹாபாக்களும் புழங்கினார்கள். ஆகவே தயக்கம் வேண்டாம்.

மூன்றாவது, செலவு. அல்லாஹ் வீண்விரயம் செய்வோரை ஷைத்தானின் சகோதரர்கள் என்கிறான் (17:27). வீண்விரயமும் செய்யாமல் கஞ்சத்தனமும் செய்யாமல் நடுநிலையில் செலவழிப்போரைப் புகழ்கிறான் (25:67). எனவே 45,000 என்ற தொகையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. லண்டனில் 2011-ல் ஹிஜ்ரி 105-ஆம் ஆண்டின் உமய்யா தீனார் ஒன்று சுமார் 37 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போனது. அதை வாங்கியவரின் நிலை வேறு, ஏலத்தோட்டத்தில் பங்குக்குப் பயிர் வைத்திருப்பவரின் நிலை வேறு. மனைவியின் மஹர் பாக்கி, கைமாற்றுக் கடன், சென்ற வருட ஜகாத், தள்ளிப்போட்டுக்கொண்டே வரும் ஹஜ் ஆகியவற்றில் ஒன்று நிலுவையில் இருந்தாலும் காசு காத்திருக்கட்டும். அந்தச் சகோதரருக்கு நகைக்கடன் இருந்தது. மாதாமாதம் வட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது முதலில் மீட்க வேண்டியது எது என்று நான் சொல்லாமலேயே அவருக்குப் புரிந்தது.

கடன் இல்லாதவர் வாங்கட்டும், ஆனால் கண்ணைத் திறந்து வாங்கட்டும். மதுரை சுல்தான்களின் காசுகளில் இன்று கிடைப்பவை பெரும்பாலும் செம்பும், வெள்ளி கலந்த உலோகமுமான சிறு காசுகள். "வெள்ளி" என்றதுமே சந்தேகம் வர வேண்டும். வார்ப்பில் செய்த போலியில் விளிம்பைச் சுற்றி இணைப்புக் கோடும், மேற்பரப்பில் குமிழித் துளிகளும் தெரியலாம். எடையும் பொருந்தாது. ஏலத்தில் என்றால், வாங்கும் எண்ணமே இல்லாமல் விலையை ஏற்றிவிடும் ஆளை நிறுத்தும் நஜ்ஷ் என்ற தந்திரத்தை நபி (ஸல்) அவர்கள் தடை செய்திருக்கிறார்கள்.

நிலத்தை உழும்போது காசுப்பானை கிடைத்தால் அது நம்முடையது என்று எண்ணிவிடாதீர்கள். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறு ஆண்டு கடந்த காசு 1972-ஆம் ஆண்டின் சட்டத்தில் தொல்பொருள். துபாயில் இருக்கும் மகன் அங்கே நல்ல விலைக்கு விற்றுத் தருவான் என்று பையில் வைத்து அனுப்பினால் அது குற்றம்.

ஜகாத்தையும் சொல்லிவிடுகிறேன். விற்கும் எண்ணத்தில் வாங்கிய காசு வியாபாரப் பொருள். வருடம் முடிந்ததும் சந்தை விலையில் இரண்டரை சதவீதம். ஆசைக்கு வைத்திருக்கும் செம்புக்காசுக்கு ஜகாத் இல்லை. ஆசைக்கே வைத்திருந்தாலும் தங்க, வெள்ளிக் காசின் உலோகத்தை ஹனஃபி மத்ஹபின்படி மற்ற தங்கம், வெள்ளி, பணத்தோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும். என்ன காசு, எவ்வளவுக்கு வாங்கியது, யாரிடம் வாங்கியது என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். உங்களுக்குப் பின் பிள்ளைகளில் ஒருவர் "இது அத்தா எனக்குக் கொடுத்தது" என்று அள்ளிக்கொண்டு போகாமல், மதிப்பிட்டு வாரிசுகள் எல்லோருக்கும் மீராஸில் பங்கு வைக்க அந்த நோட்டு தேவைப்படும்.