முதலில் பிரேக், பிறகு பெயின்ட்

பழைய கார் கண்காட்சிகளில் கூட்டம் எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள். முகம் பார்க்கலாம் போன்ற பெயின்ட், மின்னும் குரோம் பம்பர், புதிதாகத் தைத்த சீட். குனிந்து வண்டிக்கு அடியில் எட்டிப் பார்ப்பவர்கள் அபூர்வம். காரின் சொந்தக்காரரும் பெரும்பாலும் மேலேதான் பணத்தைக் கொட்டியிருப்பார். உள்ளே உட்கார்ந்திருப்பவரின் உயிர் பிரேக்கையும் சஸ்பென்ஷனையும் நம்பித்தான் இருக்கிறது. அவை இரண்டும் ஆலையை விட்டு வெளியே வந்த நாளில் இருந்த நிலைக்குத் திரும்ப வேண்டும். மற்ற வேலையெல்லாம் அதற்குப் பிறகுதான். இதைச் சொல்ல ஸ்டாண்டர்ட் ஹெரால்டைவிடப் பொருத்தமான வண்டி எனக்குத் தெரிந்து இல்லை. சென்னையில் பிறந்த கார் அது. தவறான கைவைத்தியத்தால் அதிகம் கெட்ட பெயர் வாங்கிய காரும் அதுதான்.

அதன் மூலமான டிரையம்ப் ஹெரால்ட் 1959 ஏப்ரலில் இங்கிலாந்தில் அறிமுகமானது. வடிவத்தை வரைந்தவர் இத்தாலிக்காரரான ஜோவானி மிக்கெலாட்டி. இன்ஜினியரிங் வேலை ஹாரி வெப்ஸ்டரின் பொறுப்பு. மற்ற நிறுவனங்கள் தனிச் சேஸியைக் கைவிட்டு, பாடியே சட்டமாகவும் இருக்கும் மோனோகாக் முறைக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. ஹெரால்டைச் செய்த ஸ்டாண்டர்ட்-டிரையம்ப் மட்டும் தனிச் சேஸிக்குத் திரும்பியது. அவர்களுக்கு பாடி செய்து கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோவைப் போட்டி நிறுவனமான பி.எம்.சி. வாங்கிவிட்டதுதான் காரணம். முழு பாடியையும் ஒரே இடத்தில் செய்து தர ஆளில்லாமல் போகவே, துண்டு துண்டாகச் செய்து சேஸியின் மேல் போல்ட் போட்டு இணைத்தார்கள். அவர்களுக்கு நெருக்கடியாக வந்தது நமக்கு வசதியாகப் போயிற்று. பெட்டிகளில் வந்த காரை இங்கே பூட்டுவது சுலபமாயிற்று. சென்னைக்குத் தெற்கே வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, 1960-களின் தொடக்கத்திலிருந்து 948 சி.சி. இன்ஜினுடன் ஹெரால்டைத் தயாரித்தது. 1968-ல் வந்த மார்க் 3-க்கு நான்கு கதவுகள். இங்கிலாந்தில் நான்கு கதவு ஹெரால்ட் விற்கப்பட்டதே இல்லை.

மெக்கானிக்குகளுக்குப் பிடித்த வண்டி அது. பானெட்டைத் தூக்கினால் இரண்டு மட்கார்டுகளும் சேர்ந்தே முன்பக்கமாகக் கவிழும். இன்ஜினும் முன் சஸ்பென்ஷனும் முழுதாகக் கண்ணெதிரே வந்துவிடும். டயர் மேல் உட்கார்ந்தபடியே வேலை பார்க்கலாம். ரேக் அண்ட் பினியன் ஸ்டீயரிங். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். மைலாப்பூர்ச் சந்துகளில் அதை ஓட்டியவர்கள் இன்றைக்கும் இந்தத் திருப்பத்தைப் பற்றித்தான் முதலில் பேசுவார்கள்.

அந்தத் திருப்பத்தைத் தாங்கும் பாகத்தின் பெயர் ட்ரனியன். முன்சக்கரத்தைத் தாங்கி நிற்கும் செங்குத்தான இரும்புக்கு வெர்ட்டிக்கல் லிங்க் என்று பெயர். அதன் மேல்முனையில் பால் ஜாயின்ட் இருக்கிறது. கீழ்முனையில் மரை வெட்டி, அதில் ஒரு வெண்கலத் துண்டைத் திருகியிருப்பார்கள். அதுதான் ட்ரனியன். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் லிங்க் அந்த மரைக்குள் சுழலும். இடப்பக்கத்துக்கு இடது மரை, வலப்பக்கத்துக்கு வலது மரை. மாற்றிப் போட முடியாது.

இந்த மரைக்குள் போக வேண்டியது கிரீஸ் அல்ல, கியர் ஆயில். நம்ம ஊர்ப் பேச்சில் ‘90 ஆயில்’. ஆலையில் அந்த இடத்தில் ஒரு பிளக்கைத்தான் பூட்டி அனுப்பினார்கள். சர்வீஸின்போது பிளக்கைக் கழற்றி, தற்காலிகமாக ஒரு நிப்பிளைப் போட்டு, கன்னில் ஆயிலை நிரப்பி, மேல்பக்கம் கசியும்வரை அடிக்க வேண்டும். நாளடைவில் என்ன நடந்தது? நிப்பிள் நிரந்தரமாக அங்கேயே தங்கிவிட்டது. நிப்பிளைக் கண்ட பையன் கிரீஸ் கன்னை வைத்தான். கிரீஸ் மரையில் ஏறாது. அடியிலேயே தங்கிக் கெட்டியாகிவிடும். மேலே மழைத்தண்ணீர் இறங்கும். இரும்பு மரை உள்ளுக்குள் துருப்பிடித்து இளைத்துக்கொண்டே வரும், வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு நாள் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது லிங்க் மரை தொடங்கும் இடத்தில் முறிந்து, சக்கரம் மட்கார்டுக்கு அடியில் மடங்கும். மெதுவாகப் போகும்போது மடங்கினால் அது அதிர்ஷ்டம்.

ஆயுள் முழுக்க ஹெரால்டோடு பழகிய சென்னை மெக்கானிக் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். “கிரீஸ் அடிச்சாச்சு சார்னு சொல்லிடுவாங்க. மரைக்குள்ள ஏறிச்சானு யாரும் கழட்டிப் பார்க்கறதில்ல” என்றார். பெஞ்சில் கிடந்த பழைய லிங்க் ஒன்றைத் துடைத்து என் கையில் கொடுத்தார். மரையின் முதல் இரண்டு மூன்று சுற்றுகளில் கரையான் அரித்தது போலக் குழிகள். நகத்தை ஓட்டினால் தடுக்கிறது. அப்படி ஒரு குழி தென்பட்டாலே அந்த லிங்க் காயலான் கடைக்குத்தான் போக வேண்டும். வெல்டிங் வைத்து மரை வெட்டி ஒப்பேற்றும் பேச்சுக்கே இடமில்லை. நல்ல லிங்க் என்றால் மண்ணெண்ணெயில் கழுவி, ஆயில் பூசி, புது ட்ரனியனைக் கடைசிவரை திருகி, பிறகு இரண்டு பக்கமும் சக்கரம் முழுதாகத் திரும்பும் அளவுக்குத் தளர்த்த வேண்டும். இறுகப் பூட்டி விட்டால் அதுவே முறிக்கும்.

ட்ரனியனைக் குறை சொல்பவர்கள் ஒன்றை நினைக்க வேண்டும். இதே முன் அச்சு அமைப்பை டிரையம்ப் ஸ்பிட்ஃபயரும் லோட்டஸ் எலானும் பயன்படுத்தின. ஆயில் ஊற்றப்பட்ட இடங்களில் அது வேகமான வண்டிகளையே தாங்கியிருக்கிறது.

முன்பக்க விஷ்போன் கைகளில் இருப்பவை ரப்பர் புஷ்கள். இப்போது பாலியூரித்தேன் புஷ் போடுவது நாகரிகமாகிவிட்டது. அது அதிகம் உழைக்கும் என்பது உண்மைதான். ஆனால் ரப்பர் விழுங்கிக்கொள்ளும் அதிர்வை அது சேஸிக்குக் கடத்தும், நம் சாலைகளில் சீக்கிரமே கிறீச்சிடவும் தொடங்கும். நான் ரப்பர் பக்கம்தான். பூட்டும்போது ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். வண்டி ஜாக்கியில் தொங்கும்போது புஷ் போல்ட்டை இறுக்கிவிடக் கூடாது. சக்கரங்களைத் தரையில் இறக்கி, வண்டியின் எடை முழுதும் உட்கார்ந்த பிறகுதான் கடைசி இறுக்கு. இல்லையென்றால் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டே இருந்து, சில மாதங்களில் கிழிந்துவிடும். பிறகு ‘கடை ரப்பர் சரியில்லை’ என்று பழி போடுவார்கள்.

பின்பக்கம் வேறு கதை. டிஃபரென்ஷியல் சேஸியோடு பூட்டப்பட்டிருக்கும்; இரண்டு பக்கமும் ஆக்ஸில் இறக்கை போல மேலும் கீழும் ஆடும். இதை ஸ்விங் ஆக்ஸில் என்பார்கள். குறுக்கே ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங் இரு சக்கரங்களையும் தாங்குகிறது. 1950-களின் முடிவில் ஒரு சாதாரணக் குடும்பக் காரில் நான்கு சக்கரமும் தனித்தனியாக ஆடியது பெரிய சங்கதி. அதில் ஒரு ஆபத்தும் இருந்தது. வேகமாக வளைவில் நுழைந்துவிட்டுச் சட்டென்று ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பகுதி தூக்கும். வெளிப்பக்கச் சக்கரம் உள்நோக்கி மடங்கி, பிடி விட்டுப்போகும்.

நம்ம ஊரில் அந்த ஆபத்தை அதிகமாக்கினோம் என்பதுதான் என் ஆதங்கம். நான்கு கதவு, குடும்பம் முழுக்க, டிக்கி நிறைய மூட்டை. பின்பக்கம் தாழ்கிறது என்று பட்டைக் கடையில் கூடுதலாக ஒரு பட்டை வைத்துக் கட்டினார்கள். ஆள் இல்லாதபோது பின்பக்கம் உயர்ந்து நிற்கும். சக்கரங்களின் மேல்முனை வெளியே சாய்ந்திருக்கும். ஸ்விங் ஆக்ஸிலுக்கு இதைவிடக் கெடுதலான நிலை கிடையாது. வளைவில் மடங்குவதற்குப் பாதி வழியை அது முன்பே கடந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு ‘ஹெரால்ட் உருளும்’ என்றார்கள். பழியை ஆக்ஸில் சுமந்தது. 1970-களில் ஹெரால்டின் வாரிசாக வந்த கெஸல் காரில் ஸ்விங் ஆக்ஸிலையே எடுத்துவிட்டு, சாதாரண ஒற்றை ஆக்ஸிலைப் போட்டார்கள். இங்கிலாந்தில் அதே சிக்கலுக்கு வேறு தீர்வு கண்டார்கள். 1970-ல் வந்த ஸ்பிட்ஃபயர் மார்க் 4-ல், பட்டைகளில் பெரும்பாலானவற்றை டிஃபரென்ஷியல் மேல் ஆட விட்டார்கள். உருளும் குணம் வெகுவாகக் குறைந்தது.

ஆகவே பின்பக்கத்தைச் சீர்செய்பவர் முதலில் பட்டைகளை எண்ண வேண்டும். கூடுதலாக இருப்பது வெளியே வர வேண்டும். தளர்ந்த பட்டைகளை வளைத்து, சூடேற்றிப் பதப்படுத்தி, பழைய வளைவுக்குக் கொண்டுவர நல்ல பட்டறை போதும். பின்சீட்டுக்குப் பின்னால் ஒரு தகட்டைக் கழற்றினால் ஸ்பிரிங்கின் நட்டுகள் கைக்கு எட்டும். ஆனால் ஸ்பிரிங் விசையோடு நிற்கிறது என்பதை மறந்து யாரும் முனையைக் கழற்றக் கூடாது.

இனி பிரேக். சென்னை ஹெரால்டில் நான்கு சக்கரத்திலும் டிரம். முன்பக்கம் 8 அங்குலம், பின்பக்கம் 7 அங்குலம். பூஸ்டர் கிடையாது, காலின் அழுத்தம்தான் எல்லாம். இப்போதைய காரில் பழகியவருக்கு முதல் நாள் பிரேக்கே இல்லாதது போல இருக்கும். உடனே வேறு காரின் டிஸ்க்கை முன்பக்கம் மாட்டும் யோசனை வரும். இங்கிலாந்து ஹெரால்டுக்கு 1961 முதலே டிஸ்க் விருப்பத் தேர்வாகக் கிடைத்தது என்பது நிஜம். அங்கே அதற்கேற்ற முழு செட்டாகக் கொடுத்தார்கள். இங்கே கைக்குக் கிடைத்த டிஸ்க்கை மட்டும் மாட்டினால் முன்னுக்கும் பின்னுக்கும் இடையே உள்ள பங்கீடு கலைந்துவிடும். எந்தச் சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளும் என்பது சாலையில்தான் தெரியவரும். நல்ல நிலையில் இருக்கும் டிரம், ஹெரால்டின் எடைக்கும் வேகத்துக்கும் தாராளமாகப் போதும். ஏற்காடு, கொடைக்கானல் இறக்கத்தில் மட்டும் இரண்டாவது கியரில் இறங்க வேண்டும். அந்தக் காலத்து டிரைவர்கள் அப்படித்தான் இறங்கினார்கள்.

பின் டிரம்மைக் கழற்றினால் ஒரு நோய் அடிக்கடி கண்ணில் படும். ஒரு ஷூவின் லைனர் ஆணி தெரியும்வரை தேய்ந்திருக்கும், மற்றது புதுசு மாதிரி இருக்கும். பின்சக்கர வீல் சிலிண்டரில் பிஸ்டன் ஒன்றே ஒன்றுதான். அது ஒரு ஷூவைத் தள்ளும்போது, சிலிண்டரே எதிர்த்திசையில் நகர்ந்து மற்ற ஷூவைத் தள்ள வேண்டும். அதற்காகவே பேக் பிளேட்டில் நீளவாக்கில் துளை விட்டிருக்கிறார்கள். துருவோ அழுக்கோ சேர்ந்து சிலிண்டர் அந்தத் துளையில் சிக்கிக்கொண்டால் பாதி பிரேக்தான் வேலை செய்யும். ஹேண்ட் பிரேக்கும் அதே நகர்வை நம்பித்தான் இருக்கிறது. வருத்தம் என்னவென்றால், புதுசாக ‘ரெஸ்டோர்’ செய்த வண்டிகளிலும் இது நடக்கிறது. பேக் பிளேட்டுக்குத் தடிமனாக பவுடர் கோட்டிங் போட்டு, அந்தத் துளையின் விளிம்பையும் மூடிவிடுகிறார்கள். அழகாக இருக்கும், நகராது.

ரப்பர் ஹோஸ்களைப் பார்த்து ஏமாறக் கூடாது. வெளியே வெடிப்பு இல்லாவிட்டாலும் உள்சுவர் ஊதிப்போயிருக்கும். மிதித்தால் ஆயில் போகும், காலை எடுத்தால் திரும்பி வராது. பிரேக் பிடித்தபடியே நிற்கும், டிரம் கொதிக்கும். ஹோஸ்களை யோசிக்காமல் மாற்றிவிட வேண்டும். இரும்பு பிரேக் பைப்புக்குப் பதிலாக ஃபிரிட்ஜ் காப்பர் டியூபை வளைத்துப் போடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அதிர்வில் செம்பு இறுகி வெடிக்கும். ஒற்றைச் சுற்று பிரேக் இது. ஒரு பைப் போனால் நான்கு சக்கரமும் போயிற்று. பிரேக் ஆயிலில் ஒரு சொட்டு இன்ஜின் ஆயில் கலந்தாலும் வாஷர்கள் எல்லாம் ஊதிவிடும் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

பாகங்கள் கிடைக்குமா என்ற கவலை அளவுக்கு மீறியது. இங்கிலாந்தில் ஹெரால்டையும் ஸ்பிட்ஃபயரையும் பாதுகாப்பவர்கள் ஏராளம் என்பதால் ட்ரனியன் முதல் வீல் சிலிண்டர் வரை இன்றும் புதிதாக வருகின்றன. இங்கேயும் சென்னையின் புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் பொறுமையாகத் தேடுபவர் வெறுங்கையோடு திரும்புவதில்லை. டி.வி.எஸ். குழுமமும் இங்கிலாந்தின் கர்லிங் நிறுவனமும் சேர்ந்து 1962-ல் பிரேக்ஸ் இந்தியாவைத் தொடங்கிய ஊர் இது. சிலிண்டருக்கு உறை போட்டுக் கடைந்து தரவும், டிரம்மின் வட்டத்துக்கு ஏற்ப லைனரைத் தேய்த்துத் தரவும் கைதேர்ந்த டர்னர்கள் இங்கே இன்னும் இருக்கிறார்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் ‘ஒரிஜினல்’ வேண்டாம். அந்தக் கால லைனர்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. பழைய டிரம்மைத் திறந்ததும் ஏர் பைப்பை வைத்து ஊதாதீர்கள். அந்தத் தூசி நுரையீரலில் தங்கிப் புற்றுநோய்வரை கொண்டுபோகும். ஈரத்துணியால் துடையுங்கள், பட்டறைப் பையனுக்கு மாஸ்க் வாங்கிக் கொடுங்கள். புது லைனர் ஆஸ்பெஸ்டாஸ் இல்லாததாகவே இருக்கட்டும்.

மற்றபடி அசலுக்குச் சட்டமும் மதிப்புத் தருகிறது. 2021-ல் மத்திய அரசு விண்டேஜ் வாகனங்களுக்குத் தனிப் பதிவு முறையைக் கொண்டுவந்தது. 50 ஆண்டுகளைத் தாண்டியிருக்க வேண்டும், சேஸி, பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இல்லாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும். நம்பர் பிளேட்டில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். சென்னையில் உருவான ஹெரால்டுகள் எல்லாமே வயதால் இந்தத் தகுதியைப் பெற்றுவிட்டன.

அசல் என்றால் எந்த அசல் என்பதில்தான் சிக்கல் மிச்சமிருக்கிறது. இங்கிலாந்து ஹெரால்டின் சர்வீஸ் புத்தகம் எளிதில் கிடைக்கிறது. நான்கு கதவு மார்க் 3-க்கு எத்தனை பட்டை, எந்த ஸ்பிரிங் என்பதை அந்தப் புத்தகம் சொல்லாது. அந்தக் கார் அங்கே இருந்ததே இல்லை. வண்டலூர் ஆலை 1980-களின் இறுதியில் மூடிவிட்டது. அங்கே வேலை பார்த்தவர்கள் வீட்டிலும், பழைய டீலர்களின் பரணிலும் ஸ்டாண்டர்ட் நிறுவனத்தின் சர்வீஸ் கையேடுகளும் பாகப் பட்டியல்களும் கிடக்கக்கூடும். அப்படி ஒரு புத்தகம் உங்கள் வீட்டில் இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, ஹெரால்ட் வைத்திருக்கும் ஒருவருக்காவது அனுப்பிவையுங்கள்.