காணாமற்போன பக்கம்



சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள், பீர்மேட்டுப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஓர் அம்மா தொலைபேசியில் அழைத்தார். "ஐயா, தமிழ்ல மனு எழுதுற விவரத்தை உங்க சங்கத்துப் பக்கத்துல முன்னே படிச்சேன். இப்போ கூகுள்ல எப்படித் தேடினாலும் வரமாட்டேங்குதே" என்றார். ஓய்வு பெற்றதும் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டியவர். வீட்டு மனை கேட்டு, காசு கொடுத்து மலையாளத்தில் மனு எழுதி வாங்கியிருக்கிறார். கணவர் பெயர் அதில் தவறாக இருந்தது. மலையாளம் வாசிக்கத் தெரியாததால் அப்படியே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி இங்குள்ள தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தத்தம் மொழியிலேயே எழுதலாம். அவர்கள் மிகுதியாக வாழும் பகுதிகளிலுள்ள அரசு அலுவலகங்களுக்கும் அவ்வாறே எழுதலாம். சித்தூர், தேவிகுளம், பீர்மேடு வட்டாரத் தமிழருக்கு இது எவ்வளவு பெரிய உரிமை! அதை விளக்கும் பக்கம் தேடுவோர் கண்ணில் படாவிட்டால் என்ன பயன்?

நான் டிப்ளமா படித்து ரயில்வேயில் சேர்ந்து ஓய்வு பெற்றவன். கணிப்பொறி பிற்காலத்தில் பழகியது. ஆயினும் பழுது பார்ப்பதில் ஒரு முறை உண்டு. கண்ணில் பட்டதையெல்லாம் கழற்றக் கூடாது. ஒரு முனையிலிருந்து வரிசையாகச் சோதித்துக்கொண்டு போக வேண்டும். அப்படியே தொடங்கினேன்.

முதலில் தெரிய வேண்டியது, பக்கம் பட்டியலில் கீழே இறங்கிவிட்டதா, பட்டியலிலேயே இல்லையா என்பது. இதற்குக் கூகுள் நிறுவனமே 'சர்ச் கன்சோல்' என்ற வசதியை இலவசமாகத் தருகிறது. தளம் நம்முடையது என்று நிரூபித்துவிட்டு, பக்கத்தின் முகவரியைக் கொடுத்தால் நிலைமையைச் சொல்லிவிடும். எங்கள் பக்கம் பட்டியலிலேயே இல்லை. காரணம், 'நோ இண்டெக்ஸ்' என்ற கட்டளை. தளத்தைப் புதிதாக வடிவமைத்தபோது, அரைகுறையாக வெளியே தெரிய வேண்டாமென்று இட்டது அது. தண்டவாள வேலை முடிந்த பிறகும் சிவப்புக் கொடியை எடுக்காமல் விட்டதுபோல அது அங்கேயே நின்றுவிட்டது. வடிவமைத்த இளைஞரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. பல மாதங்களாக என்னையும் சேர்த்து ஒருவரும் அதைத் தேடிப் பார்க்கவில்லையே!

அடுத்து, பக்கத்தின் முகவரியும் மாறியிருந்தது. ஒலவக்கோடு என்று பெரியவர்கள் அறிந்த நிலையமே இன்று பாலக்காடு சந்திப்பு. பழைய பெயரைக் கேட்டு வருபவருக்கு வழி சொல்ல ஆள் வேண்டாமா? இணையத்தில் அந்த வேலையைச் செய்வது '301' எனப்படும் நிரந்தர வழிமாற்றம். அதைக் குறைந்தது 1 ஆண்டாவது வைத்திருக்க வேண்டும் என்பது கூகுளின் அறிவுரை.

மூன்றாவது பழுது தமிழுக்கே உரியது. எங்கள் பழைய கட்டுரைகள் அக்காலத்துத் தனி எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை. அந்த எழுத்துரு இருந்தால்தான் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். தேடுபொறிக்கு வெறும் ஆங்கில எழுத்துக் குப்பைதான். 1991-இல் வெளிவந்த முதல் பதிப்பிலிருந்தே யூனிகோடில் தமிழ் இருக்கிறது. எனவே எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றி வருகிறோம்.

இதற்கிடையே, பணம் கொடுத்தால் முதலிடத்தில் கொண்டுவந்து நிறுத்துவதாக ஒருவர் பேசினார். வேண்டாமென்று சொல்லிவிட்டோம். குறுக்கு வழியில் இடம் பிடிக்க முயன்றதற்காக, 2006 பிப்ரவரியில் பி.எம்.டபிள்யூ கார் நிறுவனத்தின் ஜெர்மன் தளத்தையே கூகுள் பட்டியலிலிருந்து நீக்கியது. தந்திரப் பக்கங்களை அகற்றிய பிறகே மீண்டும் சேர்த்தது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்தக் கதி என்றால் நாம் எம்மாத்திரம்?

கட்டளையை நீக்கி, மீண்டும் பார்க்கும்படி சர்ச் கன்சோல் வழியாக விண்ணப்பித்தோம். சில நாட்களிலிருந்து சில வாரங்கள் வரை ஆகலாம். திரும்பத் திரும்ப விண்ணப்பித்தாலும் விரைவு கூடாது. அதுவரை மனு எழுதுவோர் காத்திருக்க முடியுமா? விவரத்தை ஒரே தாளில் அச்சிட்டுத் தேநீர்க் கடை, ரேஷன் கடை, படிப்பகம் என்று ஒட்டச் செய்தோம். அந்த அம்மாவுக்குத் தபாலிலேயே ஒரு பிரதி அனுப்பினேன். அவர் தமிழில் புதிய மனு எழுதி, தாமே ஒருமுறை வாசித்துப் பார்த்துக் கையெழுத்திட்டதாகச் சொன்னார். மனை இன்னும் கிடைக்கவில்லை; ஆனால் மனுவில் பெயர் சரியாக இருக்கிறது.

மூன்றாம் வாரம் பக்கம் திரும்பி வந்தது. முதலிடத்தில் அல்ல, சற்றுக் கீழே. கூகுள் தன் வரிசை முறையை ஆண்டில் பலமுறை மாற்றுகிறது. அதைப் பிடித்து இழுக்க நம் கையில் நெம்புகோல் இல்லை. தெளிவாக, பயன்படும்படி எழுதி வைப்பதே நம்மால் ஆவது.

வெளியூர்களில் சங்கம் நடத்தும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாதம் ஒருமுறை வேறொருவர் கைப்பேசியில் உங்கள் பக்கத்தைத் தேடிப் பாருங்கள். முக்கிய விவரங்களைத் தாளிலும் அச்சிட்டு வையுங்கள். அச்சிட்ட தாள் தேவைப்படும் தோட்டத்து அன்பர்கள் சங்கத்துக்கு எழுதினால் அனுப்பி வைக்கிறோம்.