பலகை வெட்டும் மேசை: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

ஃப்ளாட்பெட் டிஜிட்டல் கட்டர் என்பது, அட்டையையோ பலகையையோ தட்டையான மேசைமேல் கிடத்தி, கணினியில் வரைந்த கோட்டின்படி வெட்டித்தரும் இயந்திரம். மேசையின் குறுக்கே ஒரு பாலம் முன்னும் பின்னும் நகர, அதன்மேல் கத்தி தாங்கிய தலை இடமும் வலமும் ஓடும். மேசைப் பரப்பில் உள்ள துளைகள் வழியே காற்று உறிஞ்சப்படுவதால் பொருள் நகராமல் படிந்து கிடக்கும். கடைப் பலகை, காட்சித் தட்டு, மாதிரி அட்டைப்பெட்டி எல்லாம் இதில் உருவாகின்றன.

இடுக்கி மாவட்டத்தின் ஏலக்காய் மலையில் உள்ள சக்குபள்ளம், அணக்கரை, வண்டன்மேடு போன்ற ஊர்களில் இந்த வேலைக்குத் தேவை உண்டு. கடைப் பலகைகளில் மலையாளமும் தமிழும் வேண்டும். அருகே குமுளியில் சுற்றுலாப் பயணிகளை நம்பி நடக்கும் மசாலாக் கடைகளுக்கு அலங்காரத் தட்டுகளும் பெட்டிகளும் வேண்டும். 2019இல் கேரள அரசு பிவிசி ஃப்ளெக்ஸுக்குத் தடை விதித்த பிறகு, துணி, காகிதம், அட்டை ஆகியவற்றுக்கு விளம்பர வேலையில் இடம் கூடியிருக்கிறது. எந்தப் பொருளை அதிகம் வெட்டப்போகிறோம் என்ற கேள்வியிலிருந்தே தேர்வைத் தொடங்க வேண்டும். விற்பனையாளர் முதலில் சொல்லும் வேகக் கணக்கு அதற்குப் பிறகுதான்.

ஏனென்றால் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கத்தி. வினைல் ஸ்டிக்கருக்கு அடித்தாள் அறுபடாமல் மேல்தோலை மட்டும் கீறும் சிறு கத்தி போதும். துணியைச் சாதாரணக் கத்தி இழுத்துச் சுருட்டிவிடும். அதற்கு மோட்டாரில் சுழலும் வட்டக் கத்தி வேண்டும். ஃபோம் போர்டையும் நெளிவு அட்டையையும் அறுப்பது, தையல் மெஷின் ஊசிபோல் மேலும் கீழும் அடிக்கும் அதிர்வுக் கத்தி. அட்டைப்பெட்டியின் மடிப்புக் கோட்டை அழுத்த ஒரு சக்கரம் தனியாக உண்டு. அக்ரிலிக், ஏசிபி ஷீட் (அலுமினியக் கலப்புப் பலகை) இரண்டுக்கும் கத்தி உதவாது. சுழலும் பிட்டால் குடைந்து வெட்டும் ரவுட்டர் தலையும், தூளை உறிஞ்சும் குழாயும் சேர்ந்தே வர வேண்டும். அக்ரிலிக் மட்டுமே வேலை என்றால் லேசர் நல்லது, ஓரம் பளபளப்பாக வரும். ஆனால் சன்போர்டை லேசரில் வைக்கவே கூடாது. அது பிவிசி; சூடேறினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு கிளம்பி நுரையீரலையும் கெடுக்கும், இயந்திரத்தின் இரும்பையும் அரிக்கும்.

நம் எழுத்துகள் வைக்கும் சோதனை வேறு. ஆங்கிலத்தின் பெரிய எழுத்துகளில் நேர்கோடு அதிகம். தமிழிலும் மலையாளத்திலும் சுழியும் வளைவும் அதிகம். அதிர்வுக் கத்திக்கு அகலம் உண்டு. ‘ண’வின் சிறு சுழிக்குள் திரும்பும்போது கத்தியின் பின்புறம் ஃபோமை நெம்பி ஓரத்தைப் பிய்த்துவிடும். ரவுட்டரிலோ, பிட்டின் பருமனைவிடச் சிறிய இடைவெளி அடைபட்டுப் போகும். 3 மில்லிமீட்டர் பிட்டால் 2 மில்லிமீட்டர் சந்துக்குள் நுழைய முடியாது. வெட்டும் வரிசையும் முக்கியம். உள்சுழியை முதலில் வெட்டி, வெளிக்கோட்டைக் கடைசியில் வெட்ட வேண்டும். வெளிக்கோடு முதலில் அறுந்தால் எழுத்து தனித்துண்டாகி, உறிஞ்சும் பிடி குறைந்து, கத்தியோடு நகர்ந்துவிடும். இந்த வரிசையை மென்பொருள் தானாகப் போடுகிறதா என்று கேட்க வேண்டும்.

அளவு விஷயம் எளிது. சந்தையில் பெரும்பாலான பலகைகள் 8 அடிக்கு 4 அடி, அதாவது 2440 × 1220 மில்லிமீட்டர். முழுப் பலகையும் படுக்கும் மேசை வசதியானது. கடையின் கதவும் தரையும் அதைத் தாங்குமா என்பதையும் அளந்துகொள்ள வேண்டும். அச்சிட்ட படத்தை வெட்டுவதானால் கேமரா இன்றியமையாதது. அச்சில் பொருள் சற்றே நீளும், சுருங்கும். ஓரத்தில் அச்சிட்ட கறுப்புப் புள்ளிகளைக் கேமரா படித்து, அதற்கேற்ப வெட்டுப்பாதையைத் திருத்துகிறது.

மலைநாட்டில் மழைக்காலத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஈரம் குடித்த நெளிவு அட்டை வளைந்து மேசையில் படியாது, கத்தியில் நசுங்கும். உலர்ந்த அறை அவசியம். உறிஞ்சும் பம்பு மின்சாரத்தை அதிகம் இழுக்கும், பெரும்பாலும் த்ரீ ஃபேஸ் இணைப்பு கேட்கும். பாதி வெட்டில் மின்சாரம் போனால் விட்ட இடத்திலிருந்து தொடர முடியுமா என்பதை நேரில் சோதித்துவிடலாம்.

சுவிட்சர்லாந்தின் சுண்ட், நார்வேயில் தோன்றிய காங்ஸ்பெர்க், ஜப்பானின் மிமாக்கி, சீனாவின் ஐஎக்கோ ஆகியவை இத்துறையில் தெரிந்த பெயர்கள். பெயரைவிட, பழுது பார்ப்பவர் எங்கிருந்து வருவார் என்பதே மலையூரில் பெரிய கேள்வி. கத்தியும் மேசை விரிப்பும் தேய்ந்துகொண்டே இருப்பவை. அவற்றின் ஆண்டுச் செலவு விலைப்பட்டியலில் இருக்காது. வாரத்தில் சில பலகைகளே வெட்டும் கடைக்கு இந்த முதலீடு சுமைதான். அந்த நிலையில் வெளியே பெரிய கடையில் கூலிக்கு வெட்டி வாங்குவதே சரி.

வாங்கத் துணிந்தவர் தம் கடையின் பலகையையும், சுழி நிறைந்த தமிழ், மலையாளப் பெயர்கள் உள்ள ஃபைலையும் எடுத்துப்போய், கண்முன்னே வெட்டச் சொல்லிப் பார்க்கட்டும். பழுதானால் எத்தனை நாளில் ஆள் வருவார் என்பதை, முன்பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும்.