ஐந்தாம் படிவம்: முதல் மாதத்திலேயே பேனாவை எடுங்கள்

ஐந்தாம் படிவத்தில் காலடி வைக்கும் பிள்ளைகளுக்கு அறிவுரைக்குப் பஞ்சமில்லை. விடியற்காலையில் எழு, கைப்பேசியைத் தள்ளி வை, நல்ல டியூஷனில் சேர் என்று வீட்டிலும் உறவிலும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஆனால், இந்தப் பிள்ளைகளின் நிலை அவர்களுடைய அண்ணன் அக்காள்களின் நிலை அல்ல என்பதை யாரும் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. ஆறாம் ஆண்டில் இருந்த யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டது. மூன்றாம் படிவத்தின் பி.டி.3 தேர்வு அடுத்த ஆண்டே போய்விட்டது. பதினோர் ஆண்டு பள்ளிக்கூடம் போய்வந்த ஒரு பிள்ளை தன் வாழ்நாளில் சந்திக்கும் முதல் பொதுத் தேர்வே இன்று எஸ்.பி.எம். தான். ஆகவே ஆண்டின் தொடக்க மாதங்களில் எதைப் படிப்பது என்பதைவிட, கடிகாரத்தை எதிரே வைத்து, சொந்தக் கையால் முழு விடை எழுதிப் பழகுவதே முதல் வேலை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தேர்வே எழுதாமலா இத்தனை ஆண்டு வந்தார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். வகுப்பறை மதிப்பீடு இருக்கிறது, ஆண்டிறுதித் தேர்வும் இருக்கிறது. ஆனால் அவற்றைத் திருத்துபவர் பிள்ளையை அன்றாடம் பார்க்கும் ஆசிரியர். விடை அரைகுறையாக இருந்தாலும், இந்தப் பிள்ளைக்கு விஷயம் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். எஸ்.பி.எம். தாளைத் திருத்துபவருக்கோ அந்தப் பிள்ளை வெறும் எண். மனத்தில் எவ்வளவு இருந்தாலும் தாளில் விழுந்ததற்குத்தான் புள்ளி.

வரலாற்றுப் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். மலாய்மொழியோடு வரலாற்றிலும் தேறினால்தான் சான்றிதழ் என்பது 2013 முதல் நடப்பில் உள்ள விதி. மற்ற பாடங்களில் எல்லாம் ஏ வாங்கினாலும் இந்த இரண்டில் ஒன்று போனால் சான்றிதழ் கிடையாது. வரலாற்றின் முதல் தாள் 40 கொள்குறி வினாக்கள், அதைச் சமாளித்துவிடலாம். இரண்டாம் தாள் இரண்டரை மணி நேரம், அமைப்புக் கேள்வியும் கட்டுரையும். நான்காம் படிவப் பாடமும் அதில் வரும். 1946-இன் மலாயன் யூனியனை மலாய்க்காரர்கள் எதிர்த்தார்கள் என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஏன் எதிர்த்தார்கள், எப்படி எதிர்த்தார்கள், அதன் விளைவாக 1948-இல் மலாயாக் கூட்டரசு எப்படி உருவானது என்று கருத்து, விளக்கம், சான்று என வரிசையாக, அதுவும் மலாயில் எழுதச் சொன்னால் பலருக்கு மூன்றாம் வாக்கியத்திலேயே கை நின்றுவிடுகிறது. பாடநூலை நான்கு முறை படித்தாலும் அந்த இடம் கண்ணில் படாது. நூலை மூடிவிட்டு இருபது நிமிடம் எழுதிப் பார்த்தால் உடனே தெரியும். பிறகு நூலைத் திறந்து, விட்டுப்போனதைச் சிவப்பு மையால் குறித்துக்கொண்டால் அடுத்த நாள் எதைப் படிப்பது என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிடும்.

இதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களையும், படித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களையும் ஒப்பிட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களின் கை ஓங்கியிருந்தது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது எழுதிப் பார்த்தவர்களே அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். படித்த அன்று இரவு எல்லாம் தெரிந்ததுபோல் தோன்றும் நிறைவு எவ்வளவு ஏமாற்றக்கூடியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அதற்குத்தானே டியூஷன் என்பார்கள் பெற்றோர். கிள்ளானில் கொமுட்டர் ரயிலேறி, கே.எல். சென்ட்ரலில் இறங்கி, பிரிக்ஃபீல்ட்ஸ் வகுப்புக்கு வந்து திரும்பினால் ஒரு பிள்ளையின் சனிக்கிழமை பாதி கரைந்துவிடும். டியூஷனை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1982-இல் வரலாற்றாசிரியர் எம். தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் நம் சமூகத்துப் பிள்ளைகளுக்குக் கல்வியில் எத்தனை பெரிய ஊக்கம் தந்தது என்பது நாடறிந்தது. ஆனால் ஆசிரியர் விளக்க, மாணவர் கேட்டுக்கொண்டு மட்டுமே இருக்கும் வகுப்பு எத்தனை மணி நேரம் நீண்டாலும் அதனால் எழுத்துப் பழக்கம் வராது. பிள்ளையைச் சேர்க்கும்முன் பெற்றோர் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: வாரத்துக்கு எத்தனை கட்டுரை எழுதவைத்துத் திருத்தித் தருகிறீர்கள்?

சோதனைத் தேர்வு நெருங்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்பதும் சரிவராது. மலாய்மொழிக்கும் ஆங்கிலத்துக்கும் பேச்சுத் தேர்வு உண்டு, அறிவியல் பிரிவுக்குச் செய்முறைத் தேர்வு உண்டு. எழுத்துத் தேர்வு தொடங்கும் முன்னரே இவை வந்துவிடுகின்றன. தவறினால் மலாய்மொழியையும் வரலாற்றையும் மறுமுறை எழுத வாய்ப்பிருப்பது உண்மைதான். ஆனால் அதன் முடிவு கைக்கு வருவதற்குள் கூடப் படித்தவர்கள் மெட்ரிகுலேஷனிலோ ஆறாம் படிவத்திலோ பொலிடெக்னிக்கிலோ சேர்ந்திருப்பார்கள்.

சுமையைக் குறைக்கத் தமிழை விட்டுவிடலாம் என்ற ஆலோசனையும் இந்த நேரத்தில்தான் தலைதூக்கும். இதை நான் முழுமையாக மறுக்கிறேன். எஸ்.பி.எம். பாடங்களைப் பத்தோடு நிறுத்த 2009-இல் அரசு முடிவெடுத்தபோது நம் சமூகம் கொதித்தெழுந்தது. அதனால்தான் தமிழ்மொழியையும் தமிழ் இலக்கியத்தையும் சேர்த்துப் பன்னிரண்டு பாடம் எழுத வழி பிறந்தது. எல்லாரும் இரண்டையும் எடுத்தாகவேண்டும் என்று சொல்லமாட்டேன். இலக்கியத்துக்கு வாசிப்பு நேரம் அதிகம் வேண்டும். ஆனால் ஆறாண்டு தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளைக்குக் கருத்தைக் கோத்துக் கட்டுரையாக்கும் பயிற்சி முதலில் கிடைத்ததே தமிழில்தான். முன்னுரை எங்கே முடியவேண்டும், ஒரு பத்திக்கு எத்தனை கருத்து என்பதைத் தாய்மொழியில் பழகிய கைக்கு அதே வேலை மலாயிலும் எளிதாகும். தமிழாசிரியராக நினைப்பவர்களுக்கோ இந்தத் தாளே நுழைவாயில்.

அடுக்குமாடி வீட்டின் ஒரே கூடத்தில் தொலைக்காட்சியும் தம்பி தங்கைகளும் இருக்கும்போது இரண்டரை மணி நேரம் அசையாமல் எழுதுவது எப்படி என்ற கேள்வி மிஞ்சுகிறது. இங்கேதான் பெரியவர்களுக்கு வேலை. பெற்றோர் ஆசிரியர் சங்கம் கேட்டால் சனிக்கிழமை காலையில் ஒரு வகுப்பறையைத் திறந்துவிடப் பல பள்ளிகள் இணங்கும். கோயில் மண்டபமும் காலை பூசைக்குப் பிறகு சும்மாதான் இருக்கிறது. சுவரில் ஒரு கடிகாரம், பழைய கேள்வித்தாள், மேற்பார்வைக்கு ஒரு பெற்றோர். மலாய் ஆசிரியர் அல்லது வரலாற்று ஆசிரியர் ஒருவர் இரு வாரத்துக்கு ஒருமுறை அந்தத் தாள்களைத் திருத்த ஒப்புக்கொண்டால், இதைப் பள்ளி திறந்த இரண்டாம் வாரத்திலேயே தொடங்கிவிடலாம்.