எதை எழுத? (9): ஆறு பென்ஸ் ரோஜா

கதை எழுதுகிறவர்கள் வாரப் பத்தி எழுத உட்கார்ந்தால் விஷயத்துக்கு எங்கே போகிறார்கள்? போன வாரம் தஸ்தயேவ்ஸ்கியைப் பார்த்தோம். ஜன்னலிலிருந்து குதித்த தையல்காரப் பெண்ணைப் பற்றிய செய்தியும், அது ஒரே மாதத்தில் கதையான விதமும் உங்களுக்கு நினைவிருக்கும். இந்த வாரம் கணையாழியின் கடைசிப் பக்கத்தில் சுஜாதா என்று சொல்லியிருந்தேன். அதற்கான குறிப்புகள் மேஜை மேல்தான் இருக்கின்றன. ஆனால் செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒரு தேதி கண்ணில் பட்டது. அதிலிருந்து மனசு இன்னும் மீளவில்லை. நாளைக் காலை பக்கம் முடிய வேண்டும். மனசு நிறைய எது இருக்கிறதோ அதைத்தான் எழுத முடியும்.

1944 ஜனவரி 21.

பிபிசியின் கிழக்கத்திய ஒலிபரப்பு வேலையை விட்டுவிட்டு, ஜார்ஜ் ஆர்வெல் அப்போதுதான் லண்டனில் ‘ட்ரிப்யூன்’ என்ற இடதுசாரி வார இதழில் இலக்கிய ஆசிரியராகச் சேர்ந்திருந்தார். 1943 டிசம்பர் 3 இதழில் ஒரு பத்தி தொடங்கினார். தலைப்பைத் தமிழில் ‘என் இஷ்டப்படி’ என்று சொல்லலாம். நடுவில் நீண்ட இடைவெளி விட்டு 1947 வரை எண்பது பத்திகள் எழுதினார். தலைப்புக்கு ஏற்றபடி, ஒரே வாரத்தில் சம்பந்தமில்லாத மூன்று நான்கு விஷயங்கள்கூட வரும்.

எப்போது பார்த்தாலும் எதையாவது தாக்கிக்கொண்டே இருக்கிறீர்களே என்று ஒரு வாசகர் குறைப்பட்டுக்கொண்டார். எனக்கும் புகழப் பிடிக்கும் என்று சொல்லிவிட்டு, ஜனவரி 21 இதழில் ஆர்வெல் புகழ எடுத்துக்கொண்டது வுல்வொர்த் கடை ரோஜாச் செடியை.

நம் ஊர்களில் ‘எதை எடுத்தாலும் பத்து ரூபாய்’ கடைகள் வந்தனவே, வுல்வொர்த் அந்த மாதிரி. யுத்தத்துக்கு முன்னால் அங்கே எந்தப் பொருளும் ஆறு பென்சுக்கு மேல் இல்லை. ரோஜாச் செடியும் அப்படியே. வேடிக்கை என்னவென்றால், சீட்டில் எழுதியிருக்கும் ரோஜா அநேகமாக வராது. டோரதி பெர்கின்ஸ் என்ற இளஞ்சிவப்புக் கொடி ரோஜா என்று வாங்கியது, நடுவில் மஞ்சள் வைத்த வெள்ளை ரோஜாவாகப் பூத்தது. தான் பார்த்த கொடி ரோஜாக்களில் மிக அருமையானவற்றில் அது ஒன்று என்கிறார். மஞ்சள் என்று சீட்டு கட்டிய கொத்து ரோஜா அடர் சிவப்பாக வந்தது. முந்தின கோடையில் பழைய வீட்டுப் பக்கம் போனபோது, 1936இல் கையளவு குச்சியாக நட்ட வெள்ளை ரோஜா பெரும் புதராக நிற்கிறது; இன்னொன்று பாதி வேலியை மூடியிருக்கிறது. உடனே கணக்குப் போடுகிறார்: அந்த ஆறு பென்சுக்கு வேறு என்ன கிடைத்திருக்கும்? பத்து சிகரெட். சினிமாக் கொட்டகையில் இருபது நிமிஷம்.

இந்தத் தேதியில் நான் ஏன் நின்றுவிட்டேன் என்றால், ஆர்வெல் ‘விலங்குப் பண்ணை’ எழுதிக்கொண்டிருந்ததும் அதே வாரங்களில்தான். 1943 நவம்பரில் தொடங்கி 1944 பிப்ரவரியில் முடித்தார். அதாவது வீட்டு மேஜையில் நெப்போலியன் என்ற பன்றி அதிகாரத்தைப் பிடித்துக்கொண்டிருந்த நாட்களில், பத்திரிகைப் பக்கத்தில் ரோஜா பூத்திருக்கிறது. ஜனவரி 21 இரவுதான் ஜெர்மன் விமானங்கள் லண்டன் மேல் புதிதாக ஒரு குண்டுவீச்சு வரிசையைத் தொடங்கின. ரோஜாவைப் பற்றிப் படித்தவர்கள் அன்று ராத்திரி சைரன் கேட்டிருப்பார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் பழைய வீடு ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் வாலிங்டன் என்ற சின்ன கிராமத்தில். 1936இல் குடிபோய், அதிலேயே சின்னதாக மளிகைக் கடை வைத்தார். கோழி வளர்த்தார், ஆடு வளர்த்தார். ஆட்டுக்கு மியூரியல் என்று பெயர். ‘விலங்குப் பண்ணை’ படித்தவர்களுக்குச் சட்டென்று பொறி தட்டும். நாவலில் சுவரில் எழுதிய கட்டளைகளைப் படித்துச் சொல்கிற வெள்ளாட்டின் பெயரும் மியூரியல்தான். ஒரே கொல்லை. ஆடு நாவலுக்குப் போயிற்று, ரோஜா பத்திக்கு வந்தது.

பத்தி எழுதச் சொன்னால் கதாசிரியர்களில் பலரும் ‘நான் எப்படி எழுதினேன்’ என்றுதான் ஆரம்பிப்பார்கள். நாலு வாரத்தில் அது வற்றிவிடும். அப்புறம் பொதுக் கருத்து. அதைச் சொல்லக் கதாசிரியர் வேண்டியதில்லை. கதை எழுதுகிறவரிடம் உள்ள சொத்து, தானே தொட்டுப் பார்த்தது, காசு கொடுத்து வாங்கியது, நட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தது. அதில் பாதிக்கு மேல் கதையில் இடம் பெறாமல் போகிறது. அதுதான் பத்திக்கு விஷயம் என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது.

மதுரையில் எங்கள் தெருவுக்கு வாரம் ஒருமுறை செடி வண்டி வரும். இரண்டு வருஷத்துக்கு முன் அதில் ஒரு ஒட்டு ரோஜா வாங்கினேன். நாற்றுக்காரர் பையைக் கையில் கொடுக்காமல், தண்டில் வீங்கினாற்போல் இருந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். “இதுதான்க்கா ஒட்டு. இதுக்குக் கீழ இருந்து குருத்து வந்தா ஒடிச்சுப் போட்டுருங்க. விட்டீங்கன்னா காட்டு ரோஜா ஏறி இத அமுக்கிப்புரும்.” மண் ஒட்டிய விரல், கட்டைவிரல் நகம் பாதி கறுத்திருந்தது. அதை ஒரு கதையில் வைக்க மூன்று தடவை முயன்றேன். கதை ஏற்கவில்லை. இங்கே தானாக வந்து உட்கார்ந்துகொண்டது.

ஆர்வெல் ரோஜாவை அத்தோடு விடவில்லை. 1946 ஏப்ரலில் அதே ட்ரிப்யூனில் செலவுக் கணக்கையே எழுதினார். வுல்வொர்த்தில் ஐந்து ரோஜா, தலா ஆறு பென்ஸ். நாற்றுப் பண்ணையில் மொத்தமாக ஆறு பழமரம், மூன்று ரோஜா, இரண்டு நெல்லி வகைப் புதர், எல்லாம் பத்து ஷில்லிங். ஒரு பழமரமும் ஒரு ரோஜாவும் பட்டுப்போயின. மிச்சம் ஐந்து மரம், ஏழு ரோஜா, இரண்டு புதர்; செலவு பன்னிரண்டு ஷில்லிங் ஆறு பென்ஸ். ஒரு ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்ஸ் என்று வைத்து நான் கூட்டிப் பார்த்தேன், பைசா பிசகவில்லை. பட்டுப்போனதையும் கணக்கில் எழுதுகிற அந்த நேர்மை என்னை என்னவோ செய்கிறது. அதற்கு இரண்டு வாரம் முன்பு தேரையைப் பற்றி எழுதியிருந்தார். இயற்கையைப் பாராட்டி எழுதினால் தனக்குத் திட்டிக் கடிதங்கள் வருவதை அதில் சொல்கிறார். இருந்தும் தேரையை எழுதினார்.

தன் வீட்டுப் புத்தகங்களை எண்ணி விலை போட்ட கட்டுரையும் அவரிடம் உண்டு. அதைத் தொட்டால் இன்னும் இரண்டு பக்கம் வேண்டும். டெல்லியிலிருந்து வந்த ஒரு சின்னப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தை சுஜாதா எதைக் கொண்டு நிரப்பினார் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

இதை எழுதுவதற்கு முன் மாடிக்குப் போய்ப் பார்த்தேன். ஒட்டுக்குக் கீழே விரல் நீளத்துக்கு ஒரு குருத்து வந்திருந்தது. ஒடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.