கைப்பேசியின் பிடியும் அதிலிருந்து விடுபடும் வழியும்

1995ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து, டில்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக் ராமுடன் கைப்பேசியில் உரையாடினார். நம் நாட்டில் நிகழ்ந்த முதல் கைப்பேசி உரையாடல் அதுவே. அன்று பேசுவதற்கென வந்த அக்கருவி இன்று கடிதம், பத்திரிகை, நிழற்படக் கருவி, வங்கி, சினிமாக் கொட்டகை ஆகிய யாவற்றையும் தன்னுள் அடக்கிக்கொண்டு நம் சட்டைப் பையில் குடிபுகுந்துவிட்டது. ஆதலின் அதனை அடிக்கடி எடுப்போர் அனைவரும் அதற்கு அடிமைப்பட்டவர் ஆகார். பயன் கருதி எடுப்பது வேறு. எடுத்தபின் எதற்காக எடுத்தோம் என்பதே மறந்துபோவது வேறு.

இவ்வேறுபாடு எவ்வாறு தோன்றுகிறது? அமெரிக்க உளவியல் அறிஞர் ஸ்கின்னர் புறாக்களைக் கொண்டு நடத்திய சோதனைகள் இதற்கு விளக்கம் தருகின்றன. பெட்டியில் அடைபட்ட புறா ஒரு வில்லையைக் கொத்தினால் தானியம் கிடைக்கும். ஒவ்வொரு கொத்துக்கும் தானியம் அளித்துவந்து பின்னர் நிறுத்திவிட்டால், புறா விரைவில் கொத்துவதைக் கைவிடுகிறது. எத்தனையாவது கொத்துக்குத் தானியம் விழும் என்று அறிய இயலாதவாறு அமைத்தாலோ, அது ஓயாமல் கொத்துகிறது. தானியம் அடியோடு நின்ற பின்பும் நெடுநேரம் கொத்துகிறது. ஃபெர்ஸ்டர் என்பாருடன் சேர்ந்து அவர் இவற்றை 1957இல் நூலாக வெளியிட்டார். சூதாட்டப் பொறியின் கவர்ச்சியும் இதுவே.

புதுச் செய்தி வந்துளதோ எனத் திரையைக் கீழே இழுத்துப் பார்க்கும் விரல் அப்புறாவின் அலகை ஒத்தது. பன்முறை ஒன்றும் இராது. ஒருமுறை நண்பரின் பாராட்டு இருக்கும். அது எப்போது வரும் என்பது தெரியாமையே நம்மைக் கட்டிப்போடுகிறது. மூளையில் டோபமின் என்னும் இரசாயனப் பொருளை வெளியிடும் நரம்பணுக்கள், இன்பம் கிட்டும்போது மட்டுமன்றி, அது வரப்போவதற்கான குறிப்புத் தோன்றும்போதே கிளர்ச்சியுறுவதை வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் கண்டறிந்தார். மணியோசை கேட்டவுடன் கை நீள்வதில் வியப்பில்லை.

உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியலில் கைப்பேசிப் பழக்கம் தனி நோயாக இடம்பெறவில்லை. 2022ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த பதிப்பில் மின்னணு விளையாட்டுக் கோளாறு மட்டும் உள்ளது. எனினும் அதற்குக் கூறப்பட்ட அடையாளங்கள் நமக்கும் உதவும்: நிறுத்த நினைத்தும் நிறுத்த இயலாமை, பிற கடமைகள் பின்தள்ளப்படுதல், தீங்கு கண்டும் தொடர்தல். இதனை எழுதுபவனும் விதிவிலக்கல்லன். ஒரு மாலை என் மகள் பள்ளியில் நடந்ததைக் கூறிவர, நான் தலை நிமிராமல் உம் கொட்டிக்கொண்டிருந்தேன். “நான் இப்போது என்ன சொன்னேன், அப்பா?” என்று அவள் கேட்டபோது என்னிடம் விடை இல்லை. மறுநாள் அவள் எதுவும் கூற வரவில்லை.

மதுவைப் போல இதனை அறவே துறத்தல் இயலாது. வங்கியும் அலுவலகமும் இதன் வழியே நடைபெறுகின்றன. எனவே கருவிக்கும் கைக்கும் இடையே சிறிது தொலைவை உண்டாக்குவதே தக்க முறை. தேவையற்ற அறிவிப்பொலிகளை நிறுத்திவிடலாம். இரவில் கைப்பேசியை அடுத்த அறையில் வைத்து, விழிப்பதற்கு ஓர் அலாரக் கடிகாரத்தை நம்பலாம். திரையின் நீல ஒளி, உறக்கத்தைக் கூட்டும் மெலடோனின் சுரப்பைக் குறைப்பதால் இதில் இரட்டை நன்மை உண்டு. பழக்கம் மிக முற்றியவர்க்கெனப் பெங்களூரிலுள்ள தேசிய மனநல, நரம்பியல் விஞ்ஞான நிலையம் 2014இல் தனிச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கியது.

தனியொருவர் முயற்சியிலும் ஊர் முயற்சி எளிது போலும். மகாராஷ்டிரத்தில் சாங்க்லி மாவட்டத்தைச் சேர்ந்த மோஹித்யாஞ்சே வட்காவ் ஏறத்தாழ 3,000 பேர் வாழும் சிற்றூர். கொரோனாக் காலத்தில் பாடத்திற்கெனக் கைக்கு வந்த கைப்பேசியைப் பள்ளி திறந்த பின்பும் பிள்ளைகள் விடவில்லை. 2022 ஆகஸ்டில் கிராம சபை கூடி ஒரு முடிவு செய்தது. மாலை 7 மணிக்குக் கோயிலிலிருந்து சைரன் ஒலி எழும். உடனே தொலைக்காட்சியும் கைப்பேசியும் அணைக்கப்படும். தொடக்கத்தில் தயங்கிய வீடுகளுக்கு ஆசிரியர்களும் அங்கன்வாடிப் பணியாளரும் நேரில் சென்றனர். அனைவரும் ஒருசேர அணைத்துவிட்டமையால், மறுமொழிக்காக எவரும் காத்திருக்கவில்லை. எதையோ தவறவிடுகிறோம் என்ற தவிப்புக்கும் இடமில்லை. பிள்ளைகள் பாடப்புத்தகத்தை எடுத்தனர். பெரியோர் தம்முள் பேசத் தொடங்கினர். 8.30 மணிக்கு இரண்டாம் சைரன் ஒலித்தது.