மூக்கில் மாட்டும் முகமூடி மூச்சிரைப்பை எப்படித் தணிக்கிறது?

சும்மா இருக்கும்போது நாம் மூச்சு விடுவதே நமக்குத் தெரியாது. தெரிய ஆரம்பித்தால் ஏதோ சிக்கல்.

பல வருடம் பீடி பிடித்து நுரையீரல் கெட்டவரைப் பார்த்திருக்கிறீர்களா? கைகளை முழங்காலில் ஊன்றிக் குனிந்திருப்பார். கழுத்துத் தசை புடைக்கும். "சாப்பிட்டீங்களா?" என்றால் சொல்லுக்கொரு மூச்சு வாங்கிப் பதில் சொல்வார்.

அவருக்குக் காற்றை இழுப்பதைவிட வெளியே விடுவதுதான் பெரும்பாடு. மூச்சுக்குழாய்கள் சுருங்குவதால் பழைய காற்று உள்ளேயே தேங்குகிறது. தேங்கிய காற்றின் அழுத்தத்தை வென்ற பிறகே அடுத்த மூச்சு உள்ளே நுழையும். மூச்சிழுக்கும் தசையான உதரவிதானம் களைக்கிறது, ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறுகிறது.

மேட்டில் சைக்கிள் மிதிக்கும்போது யாராவது கேரியரைப் பிடித்துத் தள்ளினால் எப்படி இருக்கும்? மிதிப்பது நீங்கள்தான், பாரம் மட்டும் பாதி. முகமூடி வழியே காற்றைத் தள்ளும் பைபாப் கருவி செய்வதும் அதுதான். தொண்டைக்குள் குழாய் இறக்க வேண்டியதில்லை.

நோயாளி மூச்சை இழுக்கத் தொடங்கியதும் கருவி அதை உணர்ந்து காற்றை வேகமாகத் தள்ளும். விடும்போது அழுத்தத்தைக் குறைக்கும், ஆனால் முழுதாக விட்டுவிடாது. அந்த மிச்ச அழுத்தம் மூச்சுக்குழாய்கள் மூடிக்கொள்ளாமல் முட்டுக்கொடுக்கும், அடுத்த மூச்சைத் தொடங்கவும் எளிதாக்கும்.

உறக்கத்தில் மூச்சு தடைபடுவோருக்கான இதன் அண்ணன், சிபாப். 1981-ல் அதை உலகுக்குச் சொன்னவர் சிட்னி மருத்துவர் கோலின் சல்லிவன். ஆரம்பக் கருவிக்குள் ஓடியது என்ன தெரியுமா? வீடு கூட்டும் வேக்யூம் கிளீனரின் மோட்டார்!